பழைய ஸ்கிராப்புக் பக்கங்களைக் கணினியில் புதுப்பிப்பது: முதல் தடவை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் பல தமிழ் வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு தடித்த ஸ்கிராப்புக் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ், தமிழ் ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டியில் திருக்குறள் ஒப்புவித்ததற்குக் கிடைத்த சான்றிதழ், லீடரிலோ கிராஃபிக்கிலோ வந்த செய்தித் துண்டு, இவற்றுக்கு நடுவில் ஆயா பென்சிலால் எழுதிய இரண்டு வரித் தமிழ். சில பக்கங்களில் இன்று இல்லாத வீடுகள் இருக்கும். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்துக்குப் பிறகு கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் குடும்பங்களைக் கிளப்பி, 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அந்தப் பழைய வாசலுக்குப் பல குடும்பங்களிடம் மிச்சமிருக்கும் சாட்சி, ஒட்டி வைத்த ஒரு படம்தான். அதனால் இந்தத் தாள்கள் மங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

புதுப்பிப்பது என்று இங்கே சொல்வது தாளில் கை வைப்பதை அல்ல. பக்கத்தை ஸ்கேன் செய்து ஒரு நகலைக் கணினிக்குள் கொண்டுவருகிறோம், அந்த நகலில் மட்டும் கறை, மஞ்சள் நிறம், கிழிசல், மங்கல் இவற்றைச் சரிசெய்கிறோம். மூலப் புத்தகம் இருந்தபடியே அலமாரிக்குத் திரும்பிப் போகும். இதற்குக் கலைப் படிப்பெல்லாம் தேவையில்லை, பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் இரண்டு வகை அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று காலம் போட்டது: பழுப்பு, ஈரப்பதத்தால் வந்த சிறு புள்ளிகள், செலோடேப்பின் தேன்நிறக் கறை, பூச்சி அரித்த ஓட்டை. இன்னொன்று மனிதர்கள் போட்டது: கையெழுத்து, அடித்துத் திருத்திய தேதி, பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள், குங்குமம் பட்ட விரல் தடம். முதல் வகையை எடுக்கலாம். இரண்டாவதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி, அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கணினிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதன் கண்ணுக்கு எல்லாமே கறைதான். வித்தியாசம் பார்ப்பது உங்கள் வேலை.

காலம் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் எதை எப்படிச் சரிசெய்வது என்பதும் புரியும். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதில் லிக்னின் என்ற பொருள் நிறைய இருக்கும், காற்றும் வெளிச்சமும் பட்டால் அது மஞ்சளாகிப் பழுப்பாகும். அதோடு தாளில் அமிலமும் உண்டாகும், அது பக்கத்துத் தாளுக்கும் பரவும். செய்தித் துண்டு ஒட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதே அளவில் ஒரு பழுப்புக் கட்டம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். கலர் படங்களின் கதை வேறு. பழைய கலர் பிரிண்டுகளில் சியான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் உண்டு. 1970களின் படங்கள் பலவற்றில், இருட்டான அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தாலும், சியான் சாயம் மற்ற இரண்டையும்விட வேகமாக மங்கியது. சியான் குறைந்தால் படம் சிவக்கும். எல்லாருடைய முகமும் செக்கச்செவேல் என்று தெரியும் அந்தக் கல்யாணப் படங்கள் இப்படி ஆனவைதான். இதோடு டர்பனின் கோடைப் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்.

சரி, முதல் படி ஸ்கேன். இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிபிஐ என்பது ஓர் அங்குல நீளத்துக்குள் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறது என்ற கணக்கு. முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐ போதும், ஏ4 தாள் என்றால் 2480க்கு 3508 புள்ளிகள் வரும், சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி. சின்னப் படங்களையும் சிறிய எழுத்துகளையும் 600 டிபிஐயில் எடுங்கள், ஆனால் கோப்பு நாலு மடங்கு பெரிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு அங்குலப் படத்தை 600இல் எடுத்தால் 1200 புள்ளிகள் கிடைக்கும், அதை நான்கு அங்குலமாக அச்சடித்தாலும் தெளிவாக இருக்கும்.

ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்து வெள்ளை மையால் எழுதிய பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்யும்போது, பக்கம் இருட்டாக இருக்கிறதென்று கருவி தானாக வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பைச் சாம்பலாக்கி, வெள்ளைப் படங்களை வெளிறவைத்துவிடும். செய்தித்தாள் என்றால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், மறுபக்கத்து எழுத்து ஊடே தெரிவது வெகுவாகக் குறையும். வெள்ளை மூடியை அப்படியே மூடினால் மறுபக்கத்துச் சினிமா விளம்பரமும் உங்கள் தாத்தாவின் இரங்கல் செய்தியும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். படம் கழன்றிருந்தால் அதன் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். தமிழில் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும், நம் பிள்ளைகள் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாமல் போனாலும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் பிறகு காட்டலாம்.

12 அங்குலச் சதுரப் பக்கங்கள் ஏ4 ஸ்கேனரில் அடங்காது. நான்கு பகுதியாக, ஒன்றோடொன்று இரண்டு விரல்கடை மேவுகிற மாதிரி எடுங்கள், பக்கத்தைத் திருப்பாமல் ஒரே திசையில் நகர்த்துங்கள், மூடி மூடாவிட்டால் மேலே ஒரு கறுப்புத் துணியைப் போடுங்கள். நான்கையும் பிறகு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் கைப்பேசியும் உதவும், வெளிச்சத்தை மட்டும் கவனிக்க வேண்டும். வடக்கு ஜன்னல் பக்கம் வைத்துப் படம் எடுங்கள் என்று இணையக் காணொளிகளில் சொல்வார்கள், அது பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கான அறிவுரை. நமக்கு நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் தெற்கு ஜன்னல்தான் நல்லது, நேரடி வெயில் விழாமல் சீரான வெளிச்சம் வரும். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசி பக்கத்துக்குச் சரியாக நேர் மேலே, சாயாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சதுரம் சரிவகமாகிவிடும்.

ஒட்டும் தாளும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள ஆல்பங்கள் 1970களிலும் 80களிலும் ஏகப்பட்டது விற்றன, நிறைய வீடுகளில் இருக்கிறது. அவற்றிலிருந்து படங்களைப் பிய்த்து எடுக்காதீர்கள், பசை படத்தின் முதுகைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் எளிதாகத் தூக்க வந்தால் தூக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், வராவிட்டால் அதன் மேலேயே எடுத்துவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டிய படம் என்றால் பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் மெல்ல அறுப்பதுபோல ஓட்டிக் கழற்றுவார்கள், அதையும் ஸ்கேன் முடிந்த பிறகே முயலுங்கள்.

ஸ்கேன் செய்ததை டிஃப் வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரத்தை இழக்கும், டிஃப் இழக்காது. அந்தக் கோப்புக்கு "மூலம்" என்று பெயர் வைத்துத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இனி லேயர். இந்த ஒன்று புரிந்தால் எந்த மென்பொருளும் பழகிவிடும். ஒரு படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து அதில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் பேப்பரை எடுத்துவிடலாம், அடியில் உள்ள படத்துக்கு ஒன்றும் ஆகாது. லேயர் அதுதான். ஸ்கேன் அடியில் இருக்கும், அதைப் பூட்டி வையுங்கள். நிறத் திருத்தம் ஒரு லேயரில், கறை நீக்கம் இன்னொன்றில், கிழிசல் சேர்ப்பது மற்றொன்றில். ஆறு மாதம் கழித்துப் பெரியம்மா வந்து "அது கறை இல்லைடா, நான் வைத்த பொட்டு" என்று சொன்னாலும் அந்த ஒரு லேயரை மட்டும் திருத்தினால் போதும். கிம்ப் இலவசம், கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஃபோட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், படத்தை எங்கும் ஏற்றாமல் உங்கள் கருவியிலேயே வைத்து வேலை செய்யும், அதனால் டேட்டாவும் அதிகம் போகாது. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். தொடங்குவதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மின்வெட்டு நேரங்களை நினைத்து அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள்.

பழுப்பை எடுப்பது லெவல்ஸ் என்ற கருவியால். அதைத் திறந்தால் மேடு பள்ளமாக ஒரு வரைபடம் வரும், ஹிஸ்டோகிராம் என்பார்கள். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம், மேட்டின் உயரம் அந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைக் காட்டும். புதுத் தாள் என்றால் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேடு நிற்கும். பழுத்த தாளில் அந்த மேடு இடதுபக்கம் தள்ளிவந்திருக்கும், அதுவும் நீலச் சேனலில் அதிகமாக. சேனல் என்பது படத்தின் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து வைத்திருக்கும் மூன்று பகுதிகளில் ஒன்று. மஞ்சள் என்பது நீலம் குறைந்ததால் தெரிகிற நிறம், அதனால்தான் அப்படி. ஒவ்வொரு சேனலாகத் திறந்து, வலது ஸ்லைடரை அந்த மேடு முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள், தாள் வெளுப்பது கண்ணெதிரே தெரியும். முழு வெள்ளைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். தாளின் நாரும் மடிப்பும் காணாமல்போய், பக்கம் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை. லேசான சந்தன நிறத்தில் நிறுத்துங்கள்.

இங்கேதான் மஞ்சள் தடவிய பத்திரிகை மாட்டிக்கொள்ளும். தாளின் பழுப்பும் மூலையில் பூசிய மஞ்சளும் கணினிக்கு ஏறக்குறைய ஒரே நிறம், பழுப்பை எடுத்தால் கல்யாண மஞ்சளும் கூடவே போகும். மஞ்சள் வெளிச்சத்தில் மங்குகிற பொருள், பல பத்திரிகைகளில் அது ஏற்கெனவே பாதி போயிருக்கும், மிச்சத்தை நாமே அழித்தால் எப்படி? இதற்கு வழி மாஸ்க். திருத்திய லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் போட்டு, மஞ்சள் இருக்கும் மூலைகளில் மெல்லிய கறுப்பு பிரஷால் தடவுங்கள். கறுப்புப் பட்ட இடத்தில் மேல் லேயர் மறைந்து அடியிலுள்ள மூல ஸ்கேன் தெரியும். அதிகமாகத் தடவிவிட்டால் வெள்ளை பிரஷால் திரும்பத் தடவினால் பழையபடி ஆகிவிடும். குங்குமத் தடத்துக்கும் பென்சில் எழுத்துக்கும் இதே முறைதான்.

தாளும் படமும் ஒரே மாதிரி பழுப்பதில்லை என்பதால் பக்கத்திலுள்ள ஒவ்வொரு படத்தையும் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தனி லேயரில் வைத்துத் திருத்துங்கள். சிவந்த கலர் படத்துக்குச் சிவப்புச் சேனலைத் திறந்து பாருங்கள், வரைபடத்தின் இடது ஓரம் காலியாக இருக்கும், சியான் போனதால் சிவப்பில் இருட்டே இல்லை. இடது ஸ்லைடரை மேடு தொடங்கும் இடம்வரை கொண்டுவந்தால் சேலையின் பச்சையும் வானத்தின் நீலமும் பெருமளவு திரும்பி வரும். எல்லாப் படங்களும் முழுதாகத் திரும்பாது. சாயம் அடியோடு போன இடத்தில் கணினிக்குப் பிடித்து இழுக்க ஒன்றுமில்லை.

மங்கின கையெழுத்தை வாசிக்க ஒரு நல்ல வழி உண்டு. சிவப்புச் சேனலை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். பழுப்புக் கறை சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்காததால் அதில் வெளிறித் தெரியும், நீல மை விழுங்குவதால் கறுத்துத் தெரியும். கறைக்கு அடியில் மறைந்திருந்த நீல மை எழுத்து எழும்பி வரும்போது ஏற்படுகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு 1,52,184 பேர் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு, சில குடும்பங்களில் அந்த எண்ணை எங்கேயாவது ஓரத்தில் குறித்து வைத்திருப்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கக்கூடும். கிறுக்கல் மாதிரி தெரிகிற எண் எதையும் அழிப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

புள்ளிகளையும் கீறல்களையும் நீக்க ஹீலிங் பிரஷ், க்ளோன் ஸ்டாம்ப் என்று இரண்டு கருவிகள். இரண்டும் பக்கத்திலுள்ள நல்ல இடத்திலிருந்து புள்ளிகளை எடுத்துக் கெட்ட இடத்தில் வைக்கும், ஹீலிங் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும், க்ளோன் அப்படியே பதிக்கும். புதிய காலி லேயரில், சின்ன பிரஷ் வைத்து, படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கையாலேயே செய்யுங்கள். தூசு நீக்கும் ஃபில்டரை முழுப் படத்துக்கும் ஒரே சொடுக்கில் போட்டுவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளி, பொட்டு ஒரு கறுப்புப் புள்ளி, கொண்டையில் வைத்த மல்லிகை பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஃபில்டர் இவை எல்லாவற்றையும் தூசு என்று எடுத்துப் போட்டுவிடும், கழுத்துச் சங்கிலியின் மணிகளையும் விடாது. ஒரு பெண் தன் கல்யாணத்தன்று போட்டிருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் சொல்ல முடியாது.

செய்தித் துண்டிலுள்ள படங்கள் சின்னச் சின்ன மைப் புள்ளிகளால் ஆனவை, ஸ்கேனரின் புள்ளிகளோடு அவை மோதும்போது பட்டுச் சேலையில் அலை ஓடுவதுபோல ஒரு கோலம் தெரியும். 600 டிபிஐயில் எடுத்து, மிக லேசாக மங்கலாக்கி, பிறகு பாதி அளவுக்குச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்கேனரில் டீஸ்கிரீன் என்ற வசதி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு ஆப்கள் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கீறல் நீக்குவதில் கெட்டிக்காரத்தனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மங்கின முகத்தைத் தெளிவாக்கு என்று கொடுத்தால் அது முகத்தை மீட்பதில்லை, ஊகித்துப் புதிதாக ஒரு கண்ணையும் மூக்கையும் வரைகிறது. தாத்தாவின் ஒரே படத்தில் வேறு யாரோ ஒருவரின் கண் வந்து உட்கார்ந்தால், அடுத்த தலைமுறை அதைத்தான் தாத்தா என்று நம்பும். கறுப்பு வெள்ளைக்கு நிறம் கொடுப்பதும் ஊகம்தான், சேலை அரக்கா பச்சையா என்று எந்திரத்துக்குத் தெரியாது. ஆசைக்குச் செய்து பார்க்கலாம், ஆனால் கோப்பின் பெயரிலேயே "நிறம் ஊகம்" என்று எழுதிவிடுங்கள், மூலத்தோடு கலக்காதீர்கள். அதேபோல் கிழிந்துபோன இடத்தில் எழுத்து இல்லையென்றால் இல்லை, நீங்களாக எழுதிச் சேர்க்காமல் தாளின் நிறத்தை மட்டும் நிரப்பி விடுங்கள்.

முடிந்ததும் லேயர்களோடு உள்ள கோப்பை ஒரு தடவை சேமியுங்கள், பகிர்வதற்குத் தனியாக ஒரு ஜேபெக் எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போகும். பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள், "1964_காவடி_பக்கம்07" என்பது மாதிரி, வரிசையாக நிற்கும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பதை உடனே ஒரு கோப்பில் தட்டச்சு செய்துவிடுங்கள், சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு. மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் டர்பனில் வெள்ளம் வந்தபோது வீடுகளே போயின, ஒரே அலமாரியில் மூலமும் பென்டிரைவும் சேர்ந்து இருந்தால் என்ன பயன். அச்சடித்துப் புதிய ஆல்பம் செய்பவர்கள் அமிலமில்லாத தாள் என்று கேட்டு வாங்குங்கள். சமூகத்துக்கும் பயன்படும் பக்கங்கள், பழைய கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடக் குழுப்படம் போன்றவை இருந்தால், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் நகலை எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

முதல் பக்கமாகப் படமும் மஞ்சளும் இல்லாத, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து மட்டும் உள்ள ஒன்றை எடுங்கள், லெவல்ஸ் மட்டும் போதும், ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு செய்தித் துண்டு, அதற்கடுத்து ஒரு சிவந்த கலர் படம். ஒட்டுத்தாள் ஆல்பத்தைக் கை நன்றாகப் பழகிய பிறகு தொடுங்கள்.